எண்பது கடந்தும் கூடாத ஓய்வூதியம்: கடற்படை மூத்தவர் ஒருவரின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரில் இருக்கிறேன். 1963-ல் கடற்படையில் சேர்ந்து, 1978-ல் 15 வருஷ சர்வீஸ் முடித்து லீடிங் சீமேனாக வெளியே வந்தேன். பிறகு உடம்பு தாங்கிய வரை வள்ளத்தில் போனேன். 80 வயது தாண்டினால் பென்ஷன் கூடும் என்கிறார்கள். 2025 ஜூனில் எனக்கு 80 முடிந்தது. ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் என் பிறந்த தேதி 1.1.1948 என்று இருக்கிறதாம், ஆதாரிலும் அப்படித்தான். முட்டத்தில் இருக்கும் என் கூட்டாளி என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதே பதவியில் இறங்கியவர். அவர் மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் என்னைவிட அதிகம் வாங்குகிறார். பேங்கில் கேட்டால் ‘எங்கள் கையில் இல்லை’ என்கிறார்கள். அக்னிவீர் வந்த பிறகு அரசாங்கத்திடம் பென்ஷனுக்குப் பணம் இல்லை, பழையவர்களுக்கும் நிறுத்தப் போகிறார்கள் என்று பேரன் சொல்கிறான். மனைவிக்கு 76 வயது. பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வில் அவள் பெயர் ‘மேரி’, ஆதாரில் ‘மரிய புஷ்பம்’. எனக்குப் பிறகு அவளுக்குக் கிடைக்குமா? என் மச்சான் 1967 முதல் 1977 வரை பத்து வருஷம் நேவியில் இருந்தான். அவனுக்கு ஒன்றுமே இல்லை. அவனுக்கு ஏதாவது வழி உண்டா?

பதில்:

ஐயா, பேரன் கிளப்பிய பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். அந்தப் பயத்தில்தான் பலர் ‘பென்ஷனைக் காப்பாற்றித் தருகிறேன்’ என்று வருகிற இடைத்தரகர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

உங்கள் ஓய்வூதியம் ஏதோ ஒரு நிதியில் சேர்த்து வைத்த பணத்திலிருந்து வருவதில்லை. அப்படியொரு நிதி இருந்தால்தானே அது காலியாகும்? நாடாளுமன்றம் ஒவ்வோர் ஆண்டும் பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கைகளில் ஓய்வூதியத்துக்கென்று தனியாக ஒன்றை நிறைவேற்றுகிறது. பணம் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது பொதுமக்கள் கட்டும் வரியிலிருந்து வருகிறது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது 1,60,795 கோடி ரூபாய். மொத்தப் பாதுகாப்பு ஒதுக்கீடான 6.81 லட்சம் கோடியில் இது 23.6 சதவீதம். ஏறத்தாழ 34 லட்சம் பேருக்கு இதிலிருந்து போகிறது. 2004 ஜனவரி 1-க்குப் பின் மத்திய அரசு வேலைக்கு வந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாற்றியபோதும் முப்படையினரை அதில் சேர்க்கவில்லை. ஓய்வூதியம் அரசு பார்த்துப் போடும் கருணைத் தொகை இல்லை, செய்த வேலைக்கான உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது.

அக்னிவீர் 2022-ல் வந்த வேறு ஆள்சேர்ப்பு முறை. நான்காண்டு வேலை, சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்தம், அதே அளவு அரசின் பங்கு, முடிவில் வட்டியோடு 11.71 லட்சம் போலக் கையில். மாத ஓய்வூதியம் அதில் கிடையாது. அந்தத் திட்டம் சரியா தவறா என்று பேரனோடு திண்ணையில் உட்கார்ந்து நன்றாக விவாதிக்கலாம். 1978-ல் ஓய்வூதிய ஆணை வாங்கிய உங்களை அது தொடாது.

ஆக, பட்ஜெட்டில் பணம் இருக்கிறது. அது உங்கள் கணக்குக்கு வந்து சேராததற்குக் காரணம் அந்த 1.1.1948.

80 வயதுக்கான கூடுதல் ஓய்வூதியம் என்ன என்பதைக் கணக்கோடு பாருங்கள். 80 முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு முடிந்தால் 100 சதவீதம். பிறந்த நாள் மாதத்தின் எந்தத் தேதியாக இருந்தாலும் அந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்தே கணக்கு. கூடுதலாக வரும் பகுதிக்கும் அகவிலை நிவாரணம் உண்டு. பலர் விட்டுவிடுவது இதைத்தான். கணக்குக்காக அடிப்படை 20,000 என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூலையில் அகவிலை 58 சதவீதம் ஆனது, அதையே வைத்துப் பார்ப்போம். கூடுதல் இல்லாமல்: 20,000 + 11,600 = 31,600. கூடுதலோடு: 24,000 + 13,920 = 37,920. வித்தியாசம் மாதம் 6,320 ரூபாய். முட்டத்துக் கூட்டாளி அதிகம் வாங்கும் ‘ஆறாயிரத்துச் சொச்சம்’ எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெரிகிறதல்லவா? அவருக்கு 80 முடிந்தது கணினிக்குத் தெரியும். உங்களுக்கு 80 ஆக 2028 ஜனவரி வரும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. தேதி சரியாக இருந்தால் யாரும் விண்ணப்பிக்கவே வேண்டாம், தானாகக் கூடிவிடும்.

இந்த 1948 எப்படி நுழைந்தது? உங்கள் காலத்துப் பழைய பி.பி.ஓ.க்கள் பலவற்றில் பிறந்த தேதி அச்சாகவே இல்லை. வங்கி தன்னிடம் இருந்த ஆதார் விவரத்தை வைத்து இடத்தை நிரப்பியிருக்கும். ஆதார் எடுத்த காலத்தில் பிறப்புச் சான்று இல்லாத முதியவர்களுக்கு உத்தேசமாக ஒரு வருஷமும் ஜனவரி ஒன்றும் போட்டுவிடுவது எங்கும் நடந்தது. பிறகு கணக்கு வங்கியிலிருந்து ஸ்பர்ஷுக்கு மாறியபோது, முதல் நுழைவில் ‘விவரங்களைச் சரிபார்க்கவும்’ என்று ஒரு பக்கம் வந்திருக்கும். இ-சேவை மையத்துத் தம்பி வரிசையில் ஆள் நிற்கிற அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘சரி’ கொடுத்திருப்பார். அந்த ஒரு தட்டு உங்கள் ஒப்புதலாகப் பதிவாகிவிட்டது.

எந்தத் தேதி செல்லும் என்பதில் குழப்பம் வேண்டாம். கடற்படையில் சேர்ந்தபோது சேவைப் பதிவில் எழுதிய தேதிதான் செல்லும். பங்கு ஆலயத்தில் வாங்கும் ஞானஸ்நானச் சான்று வேறாக இருந்தாலும், உண்மையில் ஒரு வயது கூடக் குறைய இருந்தாலும், இத்தனை ஆண்டுக்குப் பின் சேவைப் பதிவை மாற்ற முடியாது. ஆதாரைத்தான் சேவைப் பதிவுக்கு ஒத்து வரச் செய்ய வேண்டும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்–கொச்சி நிர்வாகத்தில் இருந்தவர்கள். அந்தக் காலத்துப் பள்ளிப் பதிவிலும் பங்குப் பதிவேட்டிலும் கொல்லம் ஆண்டு எழுதியிருக்கும். அதோடு 825-ஐக் கூட்டிவிட்டால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்று நினைப்பது பாதிதான் சரி. கொல்லம் ஆண்டு சிங்ஙத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆகவே சிங்ஙம் முதல் டிசம்பர் 31 வரை வரும் நாட்களுக்கு 824 கூட்ட வேண்டும், ஜனவரி 1-க்குப் பின் வரும் நாட்களுக்கு 825. 1120 எடவம் என்றால் 1945 மே–ஜூன். 1120 கன்னி என்றால் 1944 செப்டம்பர்–அக்டோபர். கூட்டும்போது செய்த இந்த ஒரு வருஷத் தவறுதான் பல வீடுகளில் கணவன் மனைவி இருவரின் தேதிகளையும் பாழாக்கி வைத்திருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியவை. வரிசை மாறினால் வேலை கெட்டுவிடும், ஆகவே இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டை எடுத்து அதிலுள்ள பிறந்த தேதியைக் கண்ணால் பாருங்கள். நினைவை நம்ப வேண்டாம். 2004 சுனாமியில் அது போயிருந்தால் (கடற்கரை ஊர்களில் பல வீடுகளில் போயிருக்கிறது) நகல் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காவல் துறையின் தொலைந்த ஆவண அறிக்கை, நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம், உங்கள் பர்சனல் நம்பர், சேர்ந்த ஆண்டு, வெளியேறிய ஆண்டு, கடைசியாக இருந்த கப்பல் அல்லது தளம் ஆகியவற்றோடு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக மும்பையில் உள்ள கடற்படைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். முகவரி: கமடோர், பியூரோ ஆஃப் செய்லர்ஸ், சீத்தா கேம்ப், மான்குர்த், மும்பை 400088. பர்சனல் நம்பர் மறந்துவிட்டதென்றால் பி.பி.ஓ.வில் இருக்கும், அதுவும் இல்லையென்றால் முன்னாள் படைவீரர் அடையாள அட்டையில் இருக்கும்.

அடுத்து ஆதார். பிறந்த தேதியைத் திருத்த ஒரே ஒரு முறைதான் அனுமதி. அந்த ஒரு வாய்ப்பைத் தவறான தேதிக்குச் செலவழித்துவிட்டால் பிறகு அலைச்சல் பெரிது. அதனால்தான் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டை முதலில் பார்க்கச் சொன்னது. ஆதார் நிரந்தரப் பதிவு மையத்துக்கு, பிறந்த தேதி அச்சான பி.பி.ஓ. அல்லது முன்னாள் படைவீரர் அடையாள அட்டையை அசலாகக் கொண்டு போங்கள். தேதியோடு பெயரின் எழுத்துகளையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கடற்படைப் பதிவில் தகப்பனார் பெயர் முன்னெழுத்தாக இருக்கும், ஆதாரில் அதே பெயர் முழுதாக விரிந்து பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். மனிதருக்கு இரண்டும் ஒரே ஆள். கணினிக்கு இரண்டு ஆள். பான் அட்டையிலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும்.

ஆதார் திருத்தம் வந்த பிறகுதான் ஸ்பர்ஷ். அங்கே கைபேசி எண், மின்னஞ்சல், முகவரி போன்றவற்றை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதி, பதவி, குரூப் (வேலை வகைப்படி பிரித்த சம்பளப் பிரிவு), சேவைக் காலம் போன்ற அடிப்படை விவரங்களை நீங்களாக மாற்ற முடியாது. ஆவணத்தோடு குறைதீர் மனுவாகப் பதிய வேண்டும். குறையை எழுதும்போது நான்கு வரி போதும்: சேவைப் பதிவின்படி பிறந்த தேதி இன்னது, ஸ்பர்ஷில் இருப்பது இன்னது, 80 வயது முடிந்தது 2025 ஜூனில், 1.6.2025 முதல் 20 சதவீதக் கூடுதல் ஓய்வூதியமும் அகவிலையும் நிலுவையோடு வேண்டும். ஒரே குறையில் தேதியையும் மனைவி பெயரையும் ஓ.ஆர்.ஓ.பி. (ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்) சந்தேகத்தையும் சேர்த்து எழுதாதீர்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் போட்டுவிட்டு ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிடுவார்கள். ஒன்றுக்கு ஒரு பதிவு என்று எழுதி, ஒவ்வொன்றின் எண்ணையும் காகிதத்தில் குறித்து வையுங்கள். இணைக்க வேண்டியவை: பி.பி.ஓ.வும் அதன்பின் வந்த எல்லாத் திருத்த ஆணைகளும், டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டில் பிறந்த தேதி உள்ள பக்கம், திருத்திய ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். கைபேசியில் சாய்வாக எடுத்த படம் வேண்டாம், ஸ்கேன் செய்து கொடுங்கள்.

இதை எங்கே செய்வது? வங்கியில் வேண்டாம். மேலாளர் சொன்னது உண்மைதான்: முன்பு ஓய்வூதியத்தைக் கணக்கிட்டுப் போட்டது வங்கியின் ஓய்வூதிய மையம், ஸ்பர்ஷ் வந்த பிறகு பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் கணக்கிட்டு நேரே அனுப்புகிறது, வங்கி வெறும் உண்டியல். ஊரில் சி.எஸ்.சி. உரிமம் உள்ள பொதுச் சேவை மையத்தில் ஸ்பர்ஷ் வேலை செய்யலாம். எல்லா இ-சேவை மையத்திலும் அது இருக்காது, கேட்டுவிட்டு உள்ளே போங்கள். தட்டுகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ‘சரி’ கொடுக்கும் முன் திரையில் இருப்பதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று புரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். யார் எதைத் திருத்துவார்கள் என்பது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நீங்கள் யார், என்ன பதவி, எத்தனை வருஷம், மனைவி யார் என்பதெல்லாம் கடற்படையின் பொறுப்பு. அதற்கு மேலே சொன்ன பியூரோவும், அதே மான்குர்த்தில் ஐ.என்.எஸ். தானாஜி முகவரியில் உள்ள நேவல் பென்ஷன் ஆபீஸும். அந்த விவரத்தை வைத்து எவ்வளவு ரூபாய் என்று போடுவது கணக்கு அலுவலகத்தின் பொறுப்பு. ஸ்பர்ஷில் குறை எழுதி, ‘பதிவு அலுவலகத்தை அணுகவும்’ என்று பதில் வந்தால் உங்களைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்று கொள்ளாதீர்கள். பந்து மும்பைப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். மும்பையிலிருந்து திருத்தம் ஏறினால்தான் பிரயாக்ராஜ் கணக்குப் போடும்.

கூட்டாளியோடு ஒப்பிட்டதைப் பற்றி. வயதுக் கூடுதலைக் கழித்த பிறகும் அடிப்படைத் தொகை வேறாக இருந்தால் ஓ.ஆர்.ஓ.பி. அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற இந்த ஏற்பாடு 1.7.2014 முதல் நடைமுறை, ஐந்தாண்டுக்கு ஒரு முறை திருத்தம், 1.7.2019, 1.7.2024 என்று இரண்டு திருத்தம் ஆகிவிட்டது. அட்டவணையில் உங்கள் கட்டம் எது என்பதைப் பதவி, குரூப், தகுதிச் சேவை ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. சேவை அரை ஆண்டுப் படியாக ஏறும். இருவரும் லீடிங் சீமேன், ஆனால் அவர் 17 ஆண்டு, நீங்கள் 15 ஆண்டு என்றால் தொகை ஒன்றாக இருக்காது. அதில் தவறும் இல்லை. பழைய பி.பி.ஓ.வில் கடைசியாக வகித்த பதவி ஒன்றாகவும், ஓய்வூதியத்துக்கான பதவி அதற்குக் கீழாகவும் இருக்கலாம். அன்றைய விதிப்படி ஒரு பதவியில் குறிப்பிட்ட காலம் இருந்தால்தான் அந்தப் பதவிக்கான ஓய்வூதியம். இதைப் பார்க்காமல் சண்டைக்குப் போனவர்கள் நிறையப் பேர். ஆனால் ஸ்பர்ஷில் குரூப் காலியாக இருந்தாலோ, 15 ஆண்டு என்பது 14 என்று விழுந்திருந்தாலோ விடாதீர்கள். அதற்குத் தனிக் குறை எழுதுங்கள்.

கம்யூட்டேஷன் பிடித்தம், அதாவது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதற்கான கழிவு, உங்களுக்கு இருக்கவே கூடாது. 15 ஆண்டில் முழு ஓய்வூதியம் திரும்பிவிட வேண்டும், உங்கள் கணக்கில் 1993 வாக்கில். மாதச் சீட்டில் அந்தத் தலைப்பில் இன்றும் ஏதாவது கழிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மனைவியின் காரியத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே அவசரம் இதற்குத்தான். உங்கள் 20 சதவீதம் ஆறு மாதம் தாமதமானாலும் நிலுவையாக வரும். பெயர் திருத்தமோ, நீங்கள் இருக்கும்போது இரண்டு கையெழுத்தில் முடிகிற வேலை. நீங்கள் இல்லாதபோது அதே வேலை, துக்க வீட்டிலிருந்து ஒரு 76 வயது அம்மா தாலுகா அலுவலகப் படியேறுகிற வேலையாகிவிடும்.

குடும்ப ஓய்வூதியம் சாதாரணமாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். முழு ஓய்வூதியம் சம்பளத்தில் பாதி என்பதால், உங்கள் அடிப்படையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மேலே எடுத்த 20,000-க்கு 12,000, அகவிலையோடு 18,960. குறைந்தபட்ச அடிப்படை 9,000 ரூபாய். உயர்த்திய விகிதம் என்று ஒன்று உண்டு, ஆனால் அது ஓய்வூதியர் 67 வயதைத் தொட்டிருக்கும் நாள் வரைதான், உங்களுக்குப் பொருந்தாது. அந்த அம்மாவுக்கு 80 முடிந்தால் அவருக்கும் 20 சதவீதம் கூடும்: 14,400-ம் அகவிலையும் சேர்ந்து 22,752. ஆனால் பதிவில் அவருடைய பிறந்த தேதி இருந்தால்தான். உங்கள் காலத்து பி.பி.ஓ.க்களில் மனைவியின் பிறந்த தேதிக்கு இடமே கிடையாது என்பதால், பெயரைத் திருத்தும்போதே தேதியையும் ஏற்றிவிடுங்கள். இங்கே உங்களுக்குச் சொன்ன விதி மாறும். மனைவிக்குச் சேவைப் பதிவு இல்லை. ஆகவே பான், பள்ளிச் சான்று, பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை போன்றவற்றை வயதுச் சான்றாக ஏற்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே தேதி இருக்கட்டும். ஒன்றில் 1949-ம் இன்னொன்றில் 1951-ம் இருந்தால் அனுப்பும் முன் சரிசெய்யுங்கள்.

‘மேரி’க்கும் ‘மரிய புஷ்ப’த்துக்கும் தேவை இவை: பங்கில் வாங்கிய திருமணச் சான்று, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நீங்கள் இருவரும் சேர்ந்து எடுக்கும் பிரமாணப் பத்திரம், தாசில்தாரிடமிருந்து அதே பொருளில் ஒரு சான்று, இருவரின் ஆதார், பான், இருவரும் சேர்ந்த புகைப்படம். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு மும்பைக்குப் போக வேண்டும். திரும்பி வர வேண்டியது திருத்திய பி.பி.ஓ. ‘விண்ணப்பம் பெறப்பட்டது’ என்ற குறுஞ்செய்தியோடு காரியம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். திருமணச் சான்றில் ஞானஸ்நானப் பெயர்தான் இருக்கும் என்பதால், பங்குத்தந்தையிடம் வீட்டில் அழைக்கும் பெயரையும் குறித்துத் தரக் கேட்டால் நல்லது.

வங்கிக் கணக்கு உங்கள் இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காக இருக்கட்டும். குடும்ப ஓய்வூதியம் அதே கணக்கில் தொடரலாம். ஒரு எச்சரிக்கை: மரணத்தை உடனே தெரிவிக்காமல் விட்டால், அதன்பின் விழுந்த ஓய்வூதியத்தைப் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் தெரியாமல் எடுத்துச் செலவழித்துவிட்டு, அந்தப் பிடித்தம் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் மாதாமாதம் கழிவது வழக்கமாக நடக்கிறது. வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.

உங்களோடு இருந்தவர்களில் பலர் இறங்கிய பின் துறைமுகத்திலோ மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலோ வங்கிக் காவலிலோ சேர்ந்து இரண்டாம் ஓய்வூதியமும் பெற்றிருப்பார்கள். அவர்கள் மனைவிமாருக்கு முன்பு ஏதாவது ஒரு குடும்ப ஓய்வூதியம்தான் கிடைத்தது, 24.9.2012 முதல் படை, சிவில் இரண்டும் கிடைக்கும். கேட்காமல் இருக்கும் விதவைகள் உங்கள் ஊரில் இருந்தால் சொல்லுங்கள்.

மச்சான் கதை தனி. அன்றைக்கு அவர் சேர்ந்த ஒப்பந்தம் பத்து ஆண்டு நேரடிச் சேவை, பத்து ஆண்டு ஃப்ளீட் ரிசர்வ் (தேவைப்பட்டால் அழைக்கும் காத்திருப்புப் படை). இரண்டும் சேர்ந்தால் ரிசர்விஸ்ட் ஓய்வூதியம். ஆனால் 1976 ஜூலை 3 உத்தரவோடு ஃப்ளீட் ரிசர்வில் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 1977-ல் வெளியேறியவருக்கு ஓய்வூதியத்துக்கு வேண்டிய பதினைந்து ஆண்டும் இல்லை, ரிசர்வும் இல்லை; நடுக்கடலில் விட்ட மாதிரி. இவர்கள் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2016 அக்டோபர் 27 அன்று தீர்ப்பானது. ரிசர்வில் எடுக்கப்படாதவர்களுக்கு ரிசர்விஸ்ட் ஓய்வூதியம் கிடையாது. ஆனால் 1964-ம் ஆண்டு கடற்படை ஓய்வூதிய விதிகளின் 95-வது விதிப்படி ‘ஸ்பெஷல் பென்ஷன்’ கோரலாம் என்பது அதன் சாரம். 1973-க்கு முன் சேர்ந்து, 1976 ஜூலை 3-ல் சேவையில் இருந்து, பத்தாண்டு முடித்து இறங்கியவர்கள் இந்த வகை. 1967–1977 என்ற ஆண்டுகள் அதில் பொருந்துகின்றன.

மச்சான் விண்ணப்பத்தில் ‘ரிசர்விஸ்ட் பென்ஷன் வேண்டும்’ என்று எழுதினால் அந்த ஒரு சொல்லாலேயே நிராகரிப்பு வரும். ‘ஸ்பெஷல் பென்ஷன்’ என்றே எழுத வேண்டும். சேவைச் சான்றில் மூன்று இடங்களைப் பாருங்கள்: சேர்ந்த தேதியும் ஒப்பந்தக் காலமும், வெளியேறிய தேதி, வெளியேறிய காரணம். ஒப்பந்தக் காலம் முடிந்ததால் என்று இருந்தால் நல்லது. தண்டனையாக நீக்கம் என்றால் இந்த வழி அடைபட்டது. இதுவும் நேவல் பென்ஷன் ஆபீஸுக்குத்தான்.

அது முடிவாகும் வரை, அல்லது முடியாமலே போனாலும், வேறொன்று உண்டு. ஓய்வூதியம் இல்லாத, 65 வயது கடந்த, பெட்டி ஆபீசர் பதவி வரை இருந்த முன்னாள் படைவீரருக்கும் அவர்கள் விதவைகளுக்கும் மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு வழியாக வறுமை நிவாரணம் தருகிறார்கள். மாதம் 4,000 என்றிருந்ததை 2025 நவம்பர் 1 முதல் 8,000 ஆக்கியிருக்கிறார்கள். இணையத்தில் விண்ணப்பித்தாலும், பரிந்துரை நாகர்கோவில் அலுவலகத்திலிருந்துதான் போக வேண்டும். நிரந்தர வருமானம் இல்லை என்று காட்ட வேண்டும். இது கொடிநாள் நிதியிலிருந்து வரும் உதவி, உங்கள் ஓய்வூதியம் போல உரிமையில்லை. ஆகவே நிபந்தனைகளை நன்றாகப் பார்ப்பார்கள்.

உங்களுக்குக் கீழே வருகிற இன்னொரு வகையினருக்கும் ஒரு வரி: 15-க்குச் சில மாதம் குறைந்து, 14 ஆண்டுக்கு மேல் இருந்து இறங்கியவர்கள் ‘குறைவை மன்னித்து’ ஓய்வூதியம் கேட்க வழி உண்டு, 2001 முதல் 12 மாதம் வரை மன்னிக்கும் அதிகாரம் படைத் தலைமையகத்திடமே இருக்கிறது.

உயிர்ச்சான்றை மறந்துவிடாதீர்கள். நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். இணைய உயிர்ச்சான்றுத் தளமான ஜீவன் பிரமாணில் அனுமதி அளித்த அலுவலகம் என்ற இடத்தில் கடற்படையினர் பாதுகாப்பு–பி.சி.டி.ஏ. நேவி மும்பை என்பதையும், வழங்கும் அலுவலகம் என்ற இடத்தில் ஸ்பர்ஷ்–பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் அலகாபாத் (மேலே சொன்ன பிரயாக்ராஜ் கணக்கு அலுவலகம்தான்) என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பழக்கத்தில் பழைய வங்கியைத் தேர்ந்தெடுத்தால் சான்று உருவாகும், எண்ணும் வரும், ஆனால் ஸ்பர்ஷுக்குப் போய்ச் சேராது. ஓய்வூதியம் நின்ற பிறகுதான் தெரியும். கயிறும் வலையும் இழுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால் முக அடையாள முறையில் கேளுங்கள். நடக்க முடியாத நாளில் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார், கட்டணம் 70 ரூபாய். கைபேசியில் ‘உயிர்ச்சான்று புதுப்பிக்க இதைத் தட்டுங்கள்’ என்று வரும் எதையும் தட்ட வேண்டாம். ஓ.டி.பி. கேட்டு எந்த அலுவலகமும் அழைக்காது.

மருத்துவத்துக்கு நாகர்கோவிலில் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் இருக்கிறது. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்ற உங்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் கிடையாது. இன்னும் அட்டை எடுக்காமல் இருந்தால் எடுங்கள். அந்த அட்டையிலும் புதிய ஆதாரின்படியே பெயர் இருக்கட்டும்.

எழுதியும் பதில் வராவிட்டால்: ஸ்பர்ஷ் குறைக்கு ஒரு மாதம் பொறுங்கள். பிறகு கட்டணமில்லா எண் 1800-180-5325-ல் குறை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அடுத்தது மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளம். அங்கே ஸ்பர்ஷில் மூடிய குறையின் எண்ணையும், ஏன் அந்தப் பதில் பொருந்தாது என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். பாதுகாப்புக் கணக்குத் துறை நடத்தும் பென்ஷன் அதாலத் நம் பக்கம் வரும்போது முன்கூட்டியே மனு கொடுத்தால் கோப்போடு உட்காருவார்கள். கடைசிப் படி ஆயுதப் படைத் தீர்ப்பாயம். திருவனந்தபுரம் பக்கம் என்பதால் கொச்சிக்குப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள்; தமிழ்நாட்டில் குடியிருப்பவருக்குச் சென்னை அமர்வுதான். அங்கே போகும் நிலை வந்தால் காலம் கடத்த வேண்டாம். ஓய்வூதியக் குறை மாதாமாதம் தொடரும் குறை என்பதால் வழக்கே தள்ளுபடியாகாது, ஆனால் நிலுவையை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று சுருக்கிவிடுவது வழக்கம். உங்கள் நிலுவை 2025 ஜூனில் தொடங்குகிறது, அவகாசம் இருக்கிறது. மச்சானுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நஷ்டம். இருவரும் ஒரே நாளில் நாகர்கோவில் போவதானால் அவர் காகிதத்தை முதலில் நீட்டச் சொல்லுங்கள்.